சேர்த்து வைத்தால் சாப்பாடு முடிந்தது

எத்திராஜுக்குப் பசியில் காது அடைத்தது. முந்தின நாள் இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஏழு மணிக்குச் சாப்பிட்ட நாலு இட்லிதான் கடைசி. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு டீ குடித்தார். பன் வேண்டாம் என்று கேன்டீன்காரரிடம் சொன்னபோது அந்த ஆள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். காலையில் வீட்டுக்கு வந்தால் அடுப்பில் வடகறி கொதிக்கிறது. அதன் வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு எத்திராஜ் குளிக்கப் போனார்.

"ரெண்டு இட்லியாவது துன்னுட்டுப் போயேன்" என்றாள் அன்னம்மாள்.

"வாணாம். அஞ்சு ஐட்டம் கீதாம். காலி வயித்தோட வரச் சொல்லி கீது உன் பொண்ணு."

"காலி வயித்தோட போயி அங்க மயக்கம் போட்டு வுழுந்துறாத. அப்பறம் அதுக்கும் மார்க்க கொறைப்பானுங்க."

மார்க் என்றதும் எத்திராஜ் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு எல்லாமே மார்க்குதான்.

மகள் கிருஷ்ணப்பிரியா வேலப்பன்சாவடியில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் மூன்றாம் வருடம். அவளுக்குப் பரிமாறும் பாடத்தில் செய்முறைத் தேர்வு. மாணவர்கள் ஆளுக்கு ஒரு விருந்தாளியை வெளியிலிருந்து கூட்டி வரவேண்டும். விருந்தாளி மேசையில் உட்கார்ந்து கத்தியாலும் முள்கரண்டியாலும் சாப்பிடுவார். மாணவர் பரிமாறுவார், சரியான நேரத்தில் தட்டை எடுப்பார். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் பார்த்து மார்க் போடுவார். இந்தப் பாடத்தைக் கிருஷ்ணப்பிரியா போன முறை கோட்டை விட்டிருந்தாள். விமான நிலையத்துப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அரியர் இல்லாத சான்றிதழை இந்த மாதத்துக்குள் காட்டினால் வேலை. காட்டாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.

போன முறை அவள் தோற்றதற்கு ஜெகன் காரணம். ஜெகன் அதே தெருக்காரர், எத்திராஜோடு பாடி ஏரியாவில் ஒரு தகடு அடிக்கும் கம்பெனியில் பக்கத்து பிரஸ்ஸில் நிற்பவர். விருந்தாளியாக வரச் சொன்னதும் கல்யாணத்துக்குப் போவதுபோல சட்டை போட்டுக்கொண்டு போனார். நன்றாகத்தான் சாப்பிட்டார். எலும்பைக்கூட முள்கரண்டியால் சுரண்டினார். கடைசியில் கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டுவிட்டு, ஐஸ்கிரீம் வரும் என்று காத்திருந்தார்.

அங்கேதான் சிக்கல். கத்தியும் முள்கரண்டியும் நேராகச் சேர்ந்து கிடந்தால் சாப்பாடு முடிந்தது, தட்டை எடுத்துக்கொள் என்று அர்த்தம். குறுக்கே பிரிந்து கிடந்தால் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், தட்டில் கை வைக்காதே என்று அர்த்தம். கிருஷ்ணப்பிரியா சட்டப்படி கை வைக்காமல் நின்றாள். ஜெகன் ஐஸ்கிரீமுக்காக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு நிமிஷம். தேர்வாளர் அந்தப் பதினோரு நிமிஷத்தையும் குறித்துக்கொண்டார்.

"எலும்பக்கூட வுடல மாமே" என்று ஜெகன் அன்று தெருமுனையில் நின்று வாதாடினார். "தட்டு கழுவி கவுத்த மாதிரி கீது. அதப் பாத்தா தெரியாதா முடிஞ்சிச்சின்னு? போர்க்கு எப்புடி படுத்துகினு கீதுன்னு பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மறுதேர்வுக்கு நியாயத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. எத்திராஜ், "இந்த வாட்டி நானே வரேன்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாள் பயிற்சி நடந்தது. வீட்டில் முள்கரண்டி கிடையாது. கிருஷ்ணப்பிரியா கல்லூரியிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தாள். கோழிக்குப் பதில் தோசை.

"இடது கையில போர்க்கு. முள்ளு கீழ பாக்கணும் நைனா. வலது கையில கத்தி. அழுத்தாத. அறு."

"தோசைய அறுக்கறதா?"

"அறு."

எத்திராஜ் அறுத்தார். அன்னம்மாள் தோசைக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"அது இன்னா பாவம் பண்ணிச்சி" என்றாள். "முறுகலா சுட்டுக் குடுத்தேன். போஸ்ட்மார்ட்டம் பண்றீங்க ரெண்டு பேரும்."

எத்திராஜுக்குப் பழக ஒரு நாள்கூட ஆகவில்லை. இருபத்தாறு வருஷமாக இயந்திரத்தில் நிற்கிறவர். எந்தக் கை எதைப் பிடிக்கும், எந்த அளவு அழுத்தம், எந்தக் கோணம் என்று சொல்லிவிட்டால் போதும். முழங்கை விலாவை விட்டு விலகவில்லை. கத்தி தட்டில் கிறீச்சிடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஜெகனே மெச்சினார்.

"இன்னா மாமே, அப்புடியே தொர மாதிரி கீற. லுங்கி ஒண்ணுதான் இடிக்குது."

ஒரே ஒரு குறை. வேகம். தோசை தட்டில் விழுந்தால் எத்திராஜ் நிமிராமல் தின்று முடித்துவிட்டு, கத்தியையும் முள்கரண்டியையும் ஸ்கேல் வைத்ததுபோல நேராகச் சேர்த்து வைப்பார். கிருஷ்ணப்பிரியாவுக்கு அந்த நேர்க்கோட்டைப் பார்த்து சந்தோஷம்தான். வேகத்தைப் பார்த்துத்தான் பயம்.

"நீ சாப்புடறது லாரில லோடு ஏத்தற மாதிரி கீது நைனா. அங்க அப்புடிப் பண்ணாத. ரெண்டு வாய் சாப்புடு. கீழ வையி. வாயத் தொட. தண்ணி குடி. அப்பறமா எடு. நடுவுல வைக்கும்போது மட்டும் குறுக்க பிரிச்சி வையி, அவ்ளோதான்."

"செரி."

"இன்னொண்ணு. சாப்புடற ஆளு தட்ட நான் தப்பா எடுத்துட்டா அஞ்சு மார்க்கு போச்சி. அதனால அங்க இன்னா ஆனாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"அப்ப எப்புடி சாப்புடறது?"

"சாப்புடறதுக்குத் தொற. பேசறதுக்குத் தொறக்காத."

மூன்று நாளும் எத்திராஜ் தோசையின் நடுவில் ஒரு முறைகூட நிறுத்தவில்லை. நிறுத்திப் பழக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. சூடான தோசையை வைத்துக்கொண்டு யார் நிறுத்துவார்கள்?

கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. ஆளுக்கு ஒரு சின்ன மேசை, வெள்ளை விரிப்பு. விரிப்பின் மேல் கத்திகளும் முள்கரண்டிகளும் வரிசையாகக் கிடந்தன. எத்திராஜ் எண்ணிப் பார்த்தார். ஒரு வயிற்றுக்கு ஒன்பது ஆயுதம்.

கை எட்டும் தூரத்தில் இருந்த அடுத்த மேசையில் ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை. முகத்தில் அவ்வளவு பவுடர்.

"நான் கிரணோட சித்தி, புஷ்பா" என்று அவரே சொன்னார். "நசரத்பேட்டையில பார்லர் வச்சிருக்கேன். நீங்க?"

"பிரியாவோட அப்பா. பிரஸ் ஷாப்பு."

"பேப்பர் அடிக்கிறதா?"

"தகடு அடிக்கிறது."

"நீங்களும் காலையில சாப்புடலயா அண்ணாத்தே? எனக்கு ஜாக்கெட்டே லூசாயிருச்சி."

எத்திராஜ் பதில் சொல்வதற்குள் கிருஷ்ணப்பிரியா வந்து நின்றாள். கறுப்பு மேல்கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி டை, கொண்டையில் வலை.

"குட் ஆஃப்டர்நூன் சார். வெல்கம் சார்" என்றாள்.

எத்திராஜ் பாதி எழுந்துவிட்டார். இதற்கு முன் அவரை சார் என்று கூப்பிட்டவர்கள் போனில் லோன் வேண்டுமா என்று கேட்டவர்கள் மட்டும்தான். அவள் கண்ணாலேயே உட்கார் என்றாள். உட்கார்ந்தார். அவருடைய மடியில் துணியை விரித்துவிட்டுப் போனாள்.

தேர்வாளர் ஒல்லியான ஆள். கையில் அட்டை, அட்டையில் தாள். மேசைகளுக்கு நடுவே சத்தம் போடாத செருப்பில் நடந்தார். பின்னால் எப்போது வருகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் சூப் வந்தது. வெள்ளையாக, கஞ்சியின் தம்பி மாதிரி இருந்தது. எத்திராஜ் சத்தமில்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்து ஸ்பூனை வைத்தார். கிருஷ்ணப்பிரியா எடுத்துக்கொண்டு போனாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. சூப்பால் ஆன ஒரே காரியம், தூங்கிக்கொண்டிருந்த பசியை எழுப்பி உட்கார வைத்ததுதான்.

இரண்டாவது மீன். முள் நீக்கிய துண்டு, மேலே எலுமிச்சை வாசத்தோடு மஞ்சள் குழம்பு. ஒரு வாய் போட்டார். நாக்கில் கரைந்தது. இரண்டாவது வாய் போட்டார். அப்போது மகள் சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டு வாய் சாப்புடு, கீழ வையி, வாயத் தொட. கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார். துணியை எடுத்து வாயைத் துடைத்தார். துணியை இறக்கினபோது தட்டு இல்லை.

கிருஷ்ணப்பிரியா இடது கையில் மீனோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். கதவருகே திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தேர்வாளர் அவளுக்கு நாலடி பின்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, மீன் புடிக்கலயா?" என்றார் புஷ்பா.

எத்திராஜ் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் அவருக்கு இப்போதுதான் புரிந்தது. கையைப் பார்த்தார். கை தன் பாட்டுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கத்தைச் செய்திருந்தது. பிரஸ் ஷாப்பில் கருவி எதையும் குறுக்கே வைக்கக் கூடாது. ஸ்பேனரானாலும் சுத்தியலானாலும் பலகையில் மஞ்சள் கோட்டுக்குள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நேராக. சுவரில் எழுதிப் போட்ட சட்டம் அது. ஆனால் எழுத்தைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ளவில்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் கூட வேலை செய்த வேம்புலி ஒரு ஸ்பேனரை அச்சின் மேல் குறுக்கே வைத்துவிட்டு மறந்து பிரஸ்ஸை இறக்கினார். ஸ்பேனர் போன திசை தெரியவில்லை. வேம்புலியின் இரண்டு விரல் போன திசை எல்லோருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் ஒருவர் கையும் எதையும் குறுக்கே வைப்பதில்லை. ஜெகன் ஒருவர்தான் விதிவிலக்கு. அதனால்தான் அவருக்கு இன்னும் ஹெல்பர் சம்பளம்.

சரி, தெரிந்துவிட்டது, இனி ஏமாற மாட்டேன் என்று எத்திராஜ் முடிவு செய்தார்.

மூன்றாவது காய்கறி கட்லெட், இரண்டு. அறுத்தார், தின்றார். உருளைக்கிழங்கு தொண்டையில் நின்றது. தண்ணீர் குடிக்காமல் தீராது. இப்போது குறுக்கே வைக்கவேண்டும். முள்கரண்டியை இடப்பக்கம் சாய்த்து வைத்தார். கத்தியை வலப்பக்கம் சாய்த்து வைத்தார். அழகாகக் கூரை மாதிரி நின்றது. டம்ளரை எடுத்தார். குடிக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தார். குறுக்கே கிடந்தது. முதுகில் ஏதோ ஊர்ந்தது. பிரஸ் மேலே இருந்து இறங்கப் போவதுபோல ஒரு எண்ணம். இடது கை போனது. அவர் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போய் முள்கரண்டியைக் கத்தியோடு சேர்த்து, நுனிகளைத் தட்டிச் சமன் செய்துவிட்டுத் திரும்பி வந்தது.

கிருஷ்ணப்பிரியா வந்தாள்.

"மே ஐ க்ளியர் சார்?"

எத்திராஜ் அவளைப் பார்த்தார். அவள் எத்திராஜைப் பார்த்தாள். தட்டில் ஒன்றே முக்கால் கட்லெட் இருந்தது. அவளுக்குத் தெரியும். ஆனால் தேர்வாளர் அடுத்த மேசைக்கு இந்தப்பக்கம் நின்று நேர்க்கோட்டைப் பார்த்துவிட்டார். எடுக்காவிட்டால் போன முறை நடந்ததுதான் நடக்கும். எத்திராஜ் தலையை ஆட்டினார். கட்லெட் போனது.

அடுத்த மேசையில் வேறு கூத்து. புஷ்பா கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைப்பதே இல்லை. முள்கரண்டியைப் பிடித்தபடியே தண்ணீர் குடித்தார். கத்தியைப் பிடித்தபடியே புடவைத் தலைப்பைச் சரி செய்தார். முள்கரண்டியின் பின்பக்கத்தால் காதோரம் சொறிந்துகொண்டார். அவருக்குப் பரிமாறவேண்டிய கிரண் பக்கத்தில் நின்று வேர்த்தான். அவனால் எதையும் எடுக்க முடியவில்லை. எடுக்கவேண்டிய அவசியமும் வரவில்லை.

"கீழ வையேன் சித்தி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"வச்சா நீ எடுத்துகினு பூடுவ. பக்கத்துல பாத்துகினுதான கீறேன்."

எத்திராஜுக்குப் புத்தி வந்தது. இந்த அம்மாள் செய்வதுதான் சரி. கையிலிருந்து விடவே கூடாது.

நாலாவதாகக் கோழி வந்தது. முழுத் தொடை. தோல் பொன்னிறத்தில் முறுகி, பக்கத்தில் பிசைந்த உருளைக்கிழங்கு, மேலே பழுப்புக் குழம்பு. கிருஷ்ணப்பிரியா தட்டை வைக்கும்போது குனிந்து, உதடு அசையாமல், "வுடாத" என்றாள்.

எத்திராஜ் விடவில்லை. இரண்டையும் இறுக்கிப் பிடித்தார். கறியை எலும்பிலிருந்து பிரிக்க முதல் கோடு போட்டார். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஒரு துண்டு முள்ளில் ஏறியது. ஆவி பறந்தது. வாய்க்கு ஒரு சாண் தூரம்.

"எல்லாம் திருப்தியா இருக்கா சார்?"

தேர்வாளர் வலது தோளுக்குப் பின்னால் நின்றார். கையில் அட்டை.

கம்பெனியில் வருஷத்துக்கு இரண்டு முறை ஆடிட் வரும். கார் கம்பெனி ஆட்கள் கையில் அட்டையோடு வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அப்போது என்ன செய்யவேண்டும் என்று ஒத்திகை உண்டு. கையில் இருப்பதை நேராகச் சேர்த்து வை. இயந்திரத்தை விட்டு ஓரடி பின்னால் வா. இரண்டு கையும் தெரியும்படி நில். கேட்டால் மட்டும் பதில் சொல். எத்திராஜ் கத்தியையும் முள்கரண்டியையும், முள்கரண்டியில் குத்தியிருந்த துண்டோடு, சேர்த்து வைத்தார். நாற்காலியைத் தள்ளி எழுந்தார். ஓரடி பின்னால் வந்தார். இரண்டு உள்ளங்கையையும் காட்டி நின்றார்.

"எல்லாம் ஓகே சார். ஒரு குறையும் இல்ல."

தேர்வாளருக்கு அப்படி எழுந்து நின்ற விருந்தாளியை அதுவரை பார்த்த அனுபவம் இல்லை. ஒரு கணம் தடுமாறி அவரும் கை கூப்பினார். பிறகு பார்வை தட்டுக்குப் போனது. தட்டிலிருந்து கிருஷ்ணப்பிரியாவுக்குப் போனது.

கிருஷ்ணப்பிரியா வந்து தட்டை எடுத்தாள். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. அதற்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

"நில்லும்மா" என்றார் தேர்வாளர். "கோழி அப்படியே இருக்கு. ஒரு துண்டு ஃபோர்க்கிலயே இருக்கு. எதுக்கு எடுத்தே?"

புஷ்பா மெல்வதை நிறுத்தினார். கையில் இருந்ததை மட்டும் விடவில்லை.

"கெஸ்ட் முடிச்சிட்டார் சார். கத்தியும் ஃபோர்க்கும் சேர்ந்து இருந்துச்சு."

"மீனையும் பாதியில எடுத்தே. கட்லெட்டையும் எடுத்தே. அவர் நிஜமாவே முடிச்சிட்டாரா, இல்ல நீ அவசரப்பட்டியா?"

"முடிச்சிட்டார் சார்."

தேர்வாளர் எத்திராஜ் பக்கம் திரும்பினார். பேனா தாளின் மேல் தயாராக நின்றது.

"நீங்க சொல்லுங்க சார். சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா? தட்டை எடுத்தது சரியா?"

எத்திராஜ் கோழியைப் பார்த்தார். மகளின் கையில் தட்டு; அவர் மூக்குக்கு நேராக இருந்தது. பொன்னிறத் தோலில் எண்ணெய் மினுக்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் கோழி திரும்ப வரும். மூன்று தட்டுக்குப் பதினைந்து மார்க் போகும். பதினைந்து போனால் விமான நிலையத்துப் பக்கத்து ஹோட்டல் அடுத்த பெயரைக் கூப்பிடும்.

"முடிச்சிட்டேன் சார்" என்றார். "சரியா எடுத்துச்சி. நான் அளவாத்தான் சாப்புடுவேன்."

அந்த நேரம் பார்த்து அவர் வயிறு பேசியது. சின்னச் சத்தமில்லை. மழைக்காலத்தில் மதுரவாயல் மேம்பாலத்துக்குக் கீழே நின்றால் தலைக்கு மேல் டிரெய்லர் லாரி போகும்போது கேட்குமே, அப்படி ஒரு சத்தம். ஆரம்பித்து, நடுவில் கியர் மாற்றி, நீளமாகப் போய் முடிந்தது.



"ஏசிங்க" என்றார் புஷ்பா, வாயில் கோழியோடு. "ரொம்ப நேரமா இப்புடித்தான் சத்தம் போடுது. ரிப்பேர் பாக்கணும்."

தேர்வாளர் மேலே ஏசியைப் பார்த்தார். எத்திராஜைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் மகள் இருந்திருக்கலாம், அல்லது மணி இரண்டரை ஆகி அவருக்கே பசித்திருக்கலாம். தாளில் என்னவோ எழுதினார். எழுதி முடித்ததும் குரல் மாறியிருந்தது.

"ஒண்ணு சொல்லணும். இருபது வருஷமா எக்ஸாமினரா போறேன். இவ்வளவு நேரா வச்ச கெஸ்ட்டை நான் பாத்ததில்லை. எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"பிரஸ் ஷாப்புல சார்."

தேர்வாளருக்கு அது ஏதோ கிளப்பின் பெயர் மாதிரி பட்டிருக்க வேண்டும். மரியாதையாகத் தலையாட்டினார். மற்ற மாணவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டார். பதினாலு பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். அதற்குள் கிருஷ்ணப்பிரியா ஐந்தாவது தட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கேரமல் புட்டிங். தட்டின் நடுவில் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதோடு ஒரு ஸ்பூன், ஒரு முள்கரண்டி.

"சார், இவங்களுக்காக ஒரு தடவை வச்சுக் காட்டுங்க. சாப்பாடு முடிஞ்சதுக்கு அடையாளம் எப்படின்னு" என்றார் தேர்வாளர்.

எத்திராஜ் உட்கார்ந்தார். இன்னும் தொடாத புட்டிங்கின் ஓரத்தில் ஸ்பூனையும் முள்கரண்டியையும் சேர்த்து, நேராக, நுனி தட்டி வைத்தார்.

"பாத்தீங்களா, இதான்" என்றார் தேர்வாளர்.

பதினாலு பேரும் பார்த்தார்கள். கிருஷ்ணப்பிரியாவும் பார்த்தாள். மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷ அரியரும் அவள் கையில் இருந்தன. அவருடைய வலது பக்கமாக வந்தாள், குனிந்தாள், புட்டிங்கை எடுத்துக்கொண்டு போனாள். பாதி தூரம் போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அப்போது திரும்ப முடியாது. தேர்வாளர் மாணவர்களிடம், "அதுவும் சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்க் அன்று மாலையே தெரிந்துவிட்டது. எண்பத்தேழு. கிரணும் தேறிவிட்டான். தப்பான நேரத்தில் தட்டு எடுத்த குற்றமே அவன்மேல் இல்லை. புஷ்பா ஐந்து ஐட்டத்தையும் தீர்த்துவிட்டு, வாசலில் எத்திராஜிடம், "பாவம், ஒண்ணுமே சாப்புடல நீங்க. அடுத்த வாட்டி கையில புடிச்சிக்குங்க" என்று யோசனை சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

கிருஷ்ணப்பிரியா டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"நாலு தட்டு நைனா" என்றாள் அவள். "நாலு."

"நாலாவது நீயா எடுத்துகினு போன. அதுக்கு நான் பொறுப்பில்ல."

"குறுக்க வைன்னு மூணு நாளா சொன்னேனே."

"கை கேக்கல. நான் இன்னா பண்றது? நாளைக்கி ஷிஃப்டுல அதே கை குறுக்க வச்சா நீதான் வந்து விரலப் பொறுக்கணும்."

அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கோழி இன்னா ஆச்சி?" என்றார் எத்திராஜ். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"பேன்ட்ரியில கிரண் துன்ட்டான். தட்டு உள்ள போனதும் அவன் கையாலயே எடுத்து, நின்னுகினே. எலும்பு மட்டுந்தான் கீது."

"நல்லா இருந்திச்சாமா?"

"சூப்பரா இருந்திச்சாம்."

எத்திராஜ் சாலையைப் பார்த்தார். பஸ் வரவில்லை. வயிறு மறுபடியும் ஒரு டிரெய்லரை ஓட்டியது. இந்த முறை ஏசி மேல் பழி போட ஆளில்லை.

"நான் தரேன் நைனா" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "அதே கோழி. அதே மாதிரி தோல் முறுகலா, நானே செஞ்சி, நானே வச்சி. இது உனக்கு நான் தரவேண்டியது."

"தட்ட எடுக்க மாட்டியே?"

"நீ சொல்ற வரைக்கும் தொட மாட்டேன்."

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ஹோட்டல் வேலையில் சேர்ந்துவிட்டாள். காலையில் அவள் கிளம்பும்போது எத்திராஜ் ஷிஃப்டிலிருந்து வருகிறார், அவர் கிளம்பும்போது அவள் வருகிறாள். தெருமுனையில் பார்த்தால் இருவரும் கை காட்டிக்கொள்கிறார்கள். அன்னம்மாள் நடுவில் இரண்டு முறை கோழிக் குழம்பு வைத்தாள். அது கணக்கில் வராது என்று எத்திராஜ் தெளிவாகச் சொல்லிவிட்டார். தினமும் ஷிஃப்டில் நடுராத்திரி டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஜெகன், "இன்னா மாமே, வந்துச்சா?" என்று கேட்கிறார்.

வரவில்லை. கிருஷ்ணப்பிரியா தன் அப்பாவுக்கு ஒரு முழுக் கோழித் தொடை தரவேண்டும்.